பென்சில் புள்ளி

மனித உரிமைக் கல்வி எங்கள் கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பாதிப் பேரின் கண் கடிகாரத்தில் இருக்கும், மீதிப் பேரின் கண் ஜன்னலுக்கு வெளியே வரிசை கட்டும் பேருந்துகளில். தேறினால் போதும், இதில் வாங்கும் மதிப்பெண் எதிலும் சேராது. இப்படி ஒரு பாடத்தை ஆசிரியர் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், தலையில் கட்டினால்தான் உண்டு. நான் கேட்டு வாங்கினேன். அதற்காக மற்றத் துறைக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்குத் தினமும் சங்ககிரி வழியாகப் பேருந்தில் போய் வருகிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிடக் கெட்ட குணம் ஒன்றும் உண்டு. யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டால் அவர்களை வாய் திறக்க விட மாட்டேன்.

அந்தப் பாடத்தை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அமெரிக்கா. நடு மேற்குப் பகுதியில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தங்கி மனித உரிமைக் கல்வி படிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஊரில் சோமாலியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அகதிக் குடும்பங்கள் நிறைய. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பார்கள், சில நாட்களில் எங்கள் வகுப்புக்கு வந்து பேசுவார்கள். பேசுவதற்கு முன்னால் அங்கிருந்த பேராசிரியர் அவர்களிடம் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுப்பார். அதில் முதல் கேள்வி, இங்கே வந்து பேசுவதால் உங்களுக்கு ஏதாவது இழப்பு வருமா, வீட்டில், வேலையில், உங்கள் காகிதங்களில் என்பது. ஒருநாள் ஒரு சோமாலிய அம்மாள் அந்த ஒரே கேள்வியை மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, நான் பேசவில்லை என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். பேராசிரியர் வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தார். பனியில் முழங்கால்வரை நனைந்து வந்திருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊர் திரும்பி அந்தப் பாடத்திட்டத்தைத் தமிழில் எழுதியபோது படிவத்தை விட்டுவிட்டேன். நம் ஊரில் யார் இதையெல்லாம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து இறுதியாண்டு ஆங்கில வகுப்பில் ஒரு மாணவி வந்து அமர்ந்தாள். முதல் இரண்டு வருடமும் அவளை நான் கவனித்ததில்லை. நாமக்கல் அரசு மருத்துவமனையில் பிறந்தவள், மற்றப் பெண்களைப் போலவே பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவாள். ஒரு கட்டுரையில் முகவரி எழுதும் இடத்தில் முகாமின் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாவட்டத்திலேயே, காவிரிப் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் அது. அவள் அம்மா சிறுமியாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அப்பா இவள் பள்ளிக்குப் போகும்போதே இறந்துவிட்டார். முகாம் பதிவேட்டில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டே பெயர், அம்மா, மகள்.

எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வகுப்பில் அகதிகளைப் பற்றி வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தேன், மூன்றாவது பெஞ்சிலேயே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். டிசம்பர் பத்து மனித உரிமை நாள் விழாவில் அவள்தான் பேச வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

"எனக்குப் பேச வராதுங்க மேடம்" என்றாள்.

"வரும். நான் வரவைக்கிறேன்" என்றேன்.

நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் மூன்று பக்கம் செக்கிங் பற்றி. மாதம் ஒருமுறை வருவாய் ஆய்வாளர் முகாமுக்கு வருவார், அவரை எல்லோரும் ஆர்.ஐ. என்பார்கள். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயராகப் படிப்பார், பெயருக்குரியவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்ததை எழுதியிருந்தாள். பிரசவமாகி மூன்றாம் நாள் பிள்ளையோடு வரிசையில் நின்ற அத்தையைப் பற்றி எழுதியிருந்தாள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இது நீளம், கேட்பவர்களுக்குப் புரியவும் புரியாது என்று நான் அந்த மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டேன். கடல், படகு, இருட்டு, அழும் குழந்தை என்று நானே எழுதிச் சேர்த்தேன். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் சொன்னாள். அம்மா பார்த்தது நீ பார்த்த மாதிரிதான் என்று அவள் வாயை அடைத்தேன்.

விழாவில் ஒரு நாடகமும் இருந்தது. ஒத்திகை முடிந்து அவள் ஊர் போய்ச் சேர இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதால், விடுதிக் காப்பாளரிடம் பேசி மூன்று நாள் அங்கேயே தங்க வைத்தேன். அம்மாகிட்டக் கேக்கணுங்க என்றாள். நானே தொலைபேசியில் கேட்டேன். அந்த அம்மாள், "ஓம் ரீச்சர், நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம், ஒத்திகைக்கு நடுவில் என்னிடம் வந்து நின்றாள்.

"மேடம், நாளைக்குப் பத்து மணிக்குச் செக்கிங்காங்க. முகாம் தலைவர் அம்மாகிட்டச் சொல்லியிருக்காரு."

"நாளைக்குப் பத்து மணிக்கு உன் பேச்சு. காலேஜ் இருக்கிற நாள்ல செக்கிங் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அம்மா வாயில சொல்லிருவாங்க. ஆர்.ஐ. சார் என் பேருக்கு நேரா பென்சில்ல ஒரு புள்ளி வெச்சிட்டு, சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுவாருங்க. போட்டதும் புள்ளிய அழிச்சிருவாரு. ஆனா நாளைக்குப் பெரிய ஆபீசரும் கூட வாராராம்."

எனக்குச் சுரீர் என்றது. பென்சில் புள்ளியாவது, அழிப்பதாவது. ஒரு மனுஷியின் இருப்பு ஒரு அதிகாரியின் ரப்பரில் இருக்கிறதா என்று அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். முறையாக எழுத்தில் கொடுத்தால் எவனாலும் ஒன்றும் கேட்க முடியாது என்றேன். இருபது வருடமாகக் கல்லூரியில் குப்பை கொட்டியவளுக்கு முத்திரை மேல் வரும் நம்பிக்கை சாமி மேல்கூட வராது. லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதினேன். முழுமையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். இம்மாணவி மனித உரிமை நாள் விழா ஏற்பாடுகளுக்காகக் கடந்த மூன்று நாட்களாக எங்கள் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறார், நாளைய ஆய்வின்போது முகாமில் இருக்க இயலாது, இதை அனுமதிக்கப்பட்ட விடுப்பாகக் கருதவும். முதல்வரின் கையெழுத்து, என் கையெழுத்து, வட்ட முத்திரை.

அவள் அம்மாவே பேருந்து ஏறி வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார். ஒல்லியான பெண்மணி, சேலை முழுக்கப் பஞ்சுத் தூசு. தறிக்கு நூல் சுற்றும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். நானும் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று மகள் சொல்லியிருக்க வேண்டும், கைப்பையிலிருந்து சின்ன மாதா படம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"விடுதியில தங்கினது எழுத வேணுமோ ரீச்சர்?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன். முத்திரை இருக்கு பாருங்க. தைரியமாக் கொடுங்க."

அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவள் நன்றாகப் பேசினாள். படகு கவிழப் பார்த்த இடத்தில் குரல் உடைந்தது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தினார். அதே நேரத்தில் முகாமில் ஆர்.ஐ. அவள் பெயரைப் படித்திருக்கிறார், அம்மா முன்னால் போய், சொன்னபடி கடிதத்தை நீட்டியிருக்கிறார். ஆர்.ஐ. வாங்குவதற்குள் பக்கத்தில் நின்ற பெரிய அதிகாரி வாங்கிவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன் அவள் வரவில்லை. வியாழக்கிழமை அவள் தோழி வந்து, "முகாம் பதிவேட்டுலருந்து அவ பேர எடுத்துட்டாங்களாம் மேடம்" என்றாள். அன்று மதியம் விடுப்புப் போட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பேருந்தில் உட்கார்ந்தபடியே சட்டப் பிரிவுகளையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். ஆர்.ஐ. என் வயதுக்காரர், இந்தப் பக்கத்து ஆள். எழுந்து நாற்காலி போட்டார்.

"ஏனுங்க மேடம், எழுத்துல குடுத்துப்போட்டீங்களே" என்றார். "அந்தப் புள்ளைய எனக்கு, அது பால்வாடிக்குப் போன காலத்துலிருந்து தெரியுமுங்க. வாயில சொல்லியிருந்தா நாம்பாட்டுக்குப் புள்ளி வெச்சுட்டுப் போயிருப்பேன். மூணு நாளா முகாமுல இல்லைன்னு நீங்களே சீல் வெச்சுக் குடுத்தா, பெரியவர் முன்னால நான் என்னங்க பண்ணுறது? அனுமதி வாங்காம வெளிய தங்குனா பேர எடுக்கோணும். அதானுங்க விதி."

"அவ மூணு நாள்தான் தங்கினா. விடுதி மாணவி இல்லைன்னு இப்பவே வேற கடிதம் தரேன்."

"மொதல்ல தங்கியிருக்கான்னு எழுதுனீங்க. இப்ப விடுதிப் புள்ளை இல்லைன்னு எழுதுனா, ரெண்டுல எது பொய்யின்னு கேப்பாங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்து இருக்குமுங்க."

சட்டப் பிரிவு ஒன்றும் எனக்கு நினைவு வரவில்லை. அவர் டீ சொல்லியிருந்தார். குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதை அவள் அம்மாதான் எனக்கு விளக்கினார், அந்தச் சனிக்கிழமை நான் முகாமுக்குப் போனபோது. வாசலில் மறுவாழ்வு முகாம் என்று புதுப் பலகை. உள்ளே அதே பத்துக்குப் பத்து அறைகள். பதிவேட்டில் பெயர் இல்லாதவள் முகாமில் தங்கினால் குற்றம். முகாமை விட்டு வெளியே தங்கினால், இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் இல்லாத வெளிநாட்டவள், அதுவும் குற்றம். போலீஸ் வந்து கேட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? பக்கத்து மாவட்டத்தில் பிறந்த பெண்கூட இல்லை அவள், இதே நாமக்கல்லில் பிறந்தவள், ஆனால் அகதிகளின் பிள்ளை என்பதால் குடியுரிமை இல்லை. அம்மா இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார். என்னைக் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மகள் சுவரோரம் உட்கார்ந்து எனக்குத் தேங்காய் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மனு எழுதினோம். பொங்கல் வந்து போனது. மனு நாமக்கல்லுக்குப் போனது, அங்கிருந்து திரும்பித் தாலுகாவுக்கு வந்தது, மறுபடியும் போனது. விசாரணைக்கு எந்த நேரமும் ஆள் வரலாம், வரும்போது அவள் அறையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் எங்கும் போகவில்லை. கல்லூரிக்கு வர ஒரு பகல் வேண்டும், அந்தப் பகலில் ஆள் வந்துவிட்டால்? காலையிலிருந்து மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பருவம், ஏப்ரலில் தேர்வு. எங்கள் முதல்வரிடம் போய் வருகைக் குறைவைக் கல்லூரி மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். "பாக்கலாம் மேடம். ஆனா இந்த விஷயத்துல காலேஜ் பேர் அடிபடாமப் பாத்துக்கங்க" என்றார். கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருந்ததை அவரும் மறக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சேலத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். உயர் நீதிமன்றம் போகலாம், சில வருடம் ஆகும், ஆனால் நல்ல வழக்கு, ஜெயிக்கலாம் என்றார். எனக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் பெயரையும் விடாமல் கூப்பிட்டேன். இது என் எதிர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் ஆர்.ஐ. தொலைபேசியில் அழைத்தார். மேலே பேசிப் பார்த்ததில் ஒரு வழி இருக்கிறது என்றார். அவள் கல்லூரியில் தங்கியிருக்கிறாள் என்பதுதான் கோப்பில் உள்ள குற்றம். படிப்பையே நிறுத்திவிட்டாள், இனி அந்தக் கல்லூரிக்கும் அவளுக்கும் தொடர்பு இல்லை என்று கல்லூரி எழுதிக் கொடுத்து, மாற்றுச் சான்றிதழையும் இணைத்தால் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம்.

"தேர்வுக்கு ஒரு மாசம்தானே சார் இருக்கு?"

"பெரியவருக்கு அடுத்த வாரம் மாறுதலுங்க. புதுசா வாரவருக்கு இதெல்லாம் மொதல்லருந்து சொல்லோணும். உங்க இஷ்டமுங்க."

வக்கீல் எழுதிக் கொடுத்த தாளோடு அடுத்த நாளே முகாமுக்கு ஓடினேன். படிப்பை விட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், இது உரிமைப் பிரச்சினை, இதை விட்டால் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் இதுதான் நடக்கும் என்று மூச்சு விடாமல் பேசினேன். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு வக்கீலின் தாளை மடித்து என் கைப்பையிலேயே திரும்ப வைத்தார்.

"ரீச்சர், நீங்கள் நல்ல மனுசி. அது எனக்குத் தெரியும். ஆனா இனி எங்களுக்கெண்டு ஒண்டும் செய்யாதேங்கோ. அவர் கேட்ட கடிதத்தை மட்டும் எழுதித் தாங்கோ. வேற ஒரு வார்த்தையும் அதில எழுதாதேங்கோ."

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். ஒருவேளை அவள் மறுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அம்மாவைப் பார்த்து, "ஓம்" என்றாள்.

முகாம் எல்லை வரை என்னோடு நடந்து வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. மன்னித்துவிடு என்றேன். அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"மேடம், வெள்ளிக்கிழமை கிளாஸ்ல இன்னும் என் பேரக் கூப்பிடறீங்களாமே, பிள்ளைங்க சொன்னாங்க. வேண்டாங்க. கூப்பிட்டு ஆள் இல்லைன்னா எனக்கு இங்க பயமா இருக்குதுங்க."

இரண்டாவது கடிதத்தை மூன்று வரியில் எழுதினேன். எட்டு நாளில் பதிவேட்டில் அவள் பெயர் திரும்ப ஏறியது. இப்போது அம்மாவோடு நூல் சுற்றப் போகிறாள், செக்கிங் நாளில் பத்து மணிக்கு முன்பே வந்து நிற்கிறாள். நான் இன்னும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். அந்த நாலு பக்கப் படிவத்தைத் தமிழில் எழுதிச் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு முகாமிலிருந்து யாரும் எங்கள் கல்லூரிக்கு வரவில்லை, அதனால் அதை இதுவரை ஒருவரும் நிரப்பியதில்லை.

இரண்டாவது கடிதம் கொடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகைப்பதிவேட்டைத் திறந்தேன். விலகியவர்கள் பெயரைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அளவுகோலை வைத்து அவள் பெயர் மேல் கோடு போட்டேன். மை காயும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.